சிமென்ட் இல்லாத முழங்கால் மூட்டு மாற்று: ஆண்டுகள் கழித்து உண்மையில் எப்படி இருக்கிறது?

பாதசாரி

வயது 56, ஆண். இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். உள்பக்கக் குருத்தெலும்பு போய், எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு முட்டி நிற்கிறது. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் மிச்சம் என்பதில் இரண்டு மருத்துவர்களும் ஒத்துப்போகிறார்கள். அதற்கு மேல் ஒத்துப்போகவில்லை.

ஒருவர், "சிமென்ட் வைத்துப் பொருத்துவதுதான் நம்பகமானது, மற்றதெல்லாம் மோகம்" என்கிறார். இன்னொருவர், "உங்கள் வயதுக்குச் சிமென்ட் வைத்தால் எழுபதில் மறுபடியும் மேசையில் படுக்க வேண்டியிருக்கும், சிமென்ட் இல்லாததைப் போடுங்கள்" என்கிறார். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொன்னபோது இருவருமே ஒரே மாதிரி புன்னகைத்தார்கள்.

வலி எதில் குறைவு, ஆயுள் எதில் அதிகம், சீக்கிரம் கெட்டுப்போகும் ஆபத்து எதில், இதுதான் என் கேள்வி. "உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்" என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். கேட்டதால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

பழைய கால்

எனக்கு வயது 74. இரண்டு முழங்கால்களிலும் சிமென்ட் மூட்டுதான், வைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. படியேறுகிறேன், நடக்கிறேன், தரையில் மட்டும் உட்காருவதில்லை. நன்றாக இருப்பதை விட்டுவிட்டுப் புதிதை ஏன் தேட வேண்டும் தம்பி?

உளியும் சுத்தியும்

எலும்பு அறுவை மருத்துவன் நான். இரண்டு வகையும் செய்கிறேன். பாதசாரியின் படங்களைப் பார்க்காமல் அவருக்கு எது என்று சொல்ல மாட்டேன். பின்னால் இருக்கும் இயக்கத்தைச் சொல்கிறேன், அது புரிந்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

மாற்று மூட்டில் தொடை எலும்பின் நுனிக்கு ஓர் உலோகக் கவசம், கீழ்க்கால் எலும்பின் தலைக்கு ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், தேவைப்பட்டால் முழங்கால் சில்லின் பின்புறத்துக்கு ஒரு பொத்தான். இவை வெட்டிய எலும்பின் மேல் எப்படி நிற்கின்றன என்பதில் மட்டும்தான் இரண்டு வகைக்கும் வேறுபாடு. மேலே நடக்கும் உரசல், மடங்கல், தசைநார்களின் இழுவிசை எல்லாம் இரண்டிலும் ஒன்றே. இதை மறந்துவிட்டுத்தான் பலரும் பேசுகிறார்கள்.

எலும்பு சிமென்ட் என்பது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். செயற்கைப் பல்வரிசை செய்யும் அதே குடும்பத்துப் பொருள். 1950களின் இறுதியில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இதை இடுப்பு மூட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கி, பிறகு முழங்காலுக்கும் வந்தது. பொடியையும் திரவத்தையும் கலந்தால் மாவாகி, கால் மணி நேரத்துக்குள் சூடாகி இறுகிவிடும். இது ஒட்டுப் பசை அல்ல. பஞ்சு போன்ற எலும்பின் துளைகளுக்குள் புகுந்து இறுகி, அங்கேயே கொக்கி போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். அன்று மாலையே முழு எடையையும் தாங்கும். ஆனால் அதன் பிடிப்பு அன்றுதான் உச்சம். பல வருடங்களின் லட்சக்கணக்கான அடிகளில் எலும்புக்கும் சிமென்டுக்கும் நடுவிலோ, சிமென்டுக்கும் உலோகத்துக்கும் நடுவிலோ விரிசல் காணலாம்.

சிமென்ட் இல்லாதது தலைகீழ். கோடரித் தலையில் காம்பை இறுக்கி அடிப்பது போல, வெட்டிய எலும்பைவிட ஒரு நூல் பெரிதான பாகத்தை அடித்து இறக்குகிறோம். முதல் நாள் அந்த இறுக்கம் மட்டுமே பிடி. அடுத்த ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் உலோகத்தின் நுண்துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து பிடிக்க வேண்டும். அந்த வாரங்களில் தட்டுக்கும் எலும்புக்கும் நடுவே அசைவு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் எலும்பு வளரும். 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும். நார்த்திசு வளர்ந்த தட்டு ஒருநாளும் உறுதியாக நிற்காது, வலித்துக்கொண்டே இருக்கும்.

ஆக, சிமென்டில் ஆபத்து பின்னால். மற்றதில் ஆபத்து முன்னால். முதல் வருடத்தைத் தாண்டிவிட்டால், பிடித்த எலும்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் உயிருள்ள பிணைப்பு.

தராசு

"உயிருள்ள பிணைப்பு" என்பதை விற்பனைக் கையேடுகளிலும் படித்திருக்கிறேன். 1980களில் இதே வாக்குறுதியோடுதான் முதல் தலைமுறை சிமென்ட் இல்லாத மூட்டுகள் வந்தன. உலோக முதுகு வைத்த சில்லுப் பொத்தான்களில் பாலிஎத்திலீன் தேய்ந்து, உலோகமும் உலோகமும் உரசின. கீழ்க்கால் தட்டைத் திருகாணி போட்டு இறுக்கினார்கள். அந்தத் திருகாணித் துளைகள் வழியாகத் தேய்மானத் துகள் எலும்புக்குள் இறங்கி எலும்பை அரித்தது. தட்டுகள் தளர்ந்தன. ஒரு தலைமுறை மருத்துவர்களே அதைக் கைவிட்டுவிட்டுச் சிமென்டுக்குத் திரும்பினார்கள்.

பொருத்திய மூட்டுகள் என்ன ஆகின்றன என்று தொடர்ந்து பதியும் மூட்டுப் பதிவேடுகளையும் பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடு 2003 முதல் நடக்கிறது. அதில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட முழு முழங்கால் மாற்றுகள் சிமென்ட் வைத்தவை. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் மறு அறுவை விகிதம் சிமென்ட் இல்லாததில் சற்று அதிகமாகவே நெடுநாள் இருந்து வந்திருக்கிறது. பழைய கால் அம்மா சொல்வதில் என்ன தவறு?

திருகாணி

(என் பெயர் தற்செயல். அந்தத் திருகாணிகளுக்கு நான் பொறுப்பல்ல.)

இயந்திரப் பொறியாளன். உலோகப் பாகங்களுக்குத் திரும்பத் திரும்பச் சுமை கொடுத்துப் பார்க்கும் களைப்புச் சோதனையில் வேலை. தராசு சொன்ன தோல்விகள் எல்லாம் உண்மை. ஆனால் அவற்றில் எத்தனை "சிமென்ட் இல்லாததால்" நடந்தவை என்று பிரித்துப் பாருங்கள். உலோக முதுகுப் பொத்தான் தேய்ந்தது பொத்தானின் வடிவத்தால், மேலே பாலிஎத்திலீன் மெல்லியதாக இருந்ததால். அந்தக் கால பாலிஎத்திலீனைக் காற்றுப்படக் காமாக் கதிரால் கிருமிநீக்கம் செய்தார்கள். ஆக்சிஜன் ஏறி அது நொறுங்கும் தன்மை அடைந்தது. சிமென்ட் மூட்டிலும் அதே பாலிஎத்திலீன்தான் இருந்தது. சிமென்ட் இல்லாத தட்டில் துளை இருந்ததால் துகள் இறங்க வழி கிடைத்தது.

இன்றைய தட்டுகளின் அடிப்பகுதி வேறு. அன்று சிறு உலோக மணிகளைச் சுட்டு ஒட்டினார்கள், துளைப்பரப்பு குறைவு. இன்று முப்பரிமாண அச்சில் டைட்டானியத்தைப் பஞ்சு எலும்பைப் போலவே அடுக்கடுக்காக உருவாக்குகிறார்கள். டான்டலம் என்ற உலோகத்தால் ஆன வகைகளில் கன அளவில் முக்கால் பங்கு வெற்றிடம். உரசல் அதிகம் என்பதால் அடித்து இறக்கும்போதே கடித்துக்கொள்ளும். சில வடிவங்களில் மேலே ஹைட்ராக்சிஅபடைட் பூச்சும் உண்டு, எலும்பின் தாதுவை ஒத்தது.

நான் தராசுக்கு எதிர்க்கட்சி இல்லை. முப்பரிமாண அச்சில் உருவாக்கிய இந்தத் தட்டுகள் பரவலானது 2010களில்தான். யாராவது உங்களிடம் "சிமென்ட் இல்லாத மூட்டு முப்பது ஆண்டு உழைக்கும்" என்றால், எந்த மூட்டு என்று கேளுங்கள். முப்பது ஆண்டுத் தரவு இருப்பது இன்று யாரும் பொருத்தாத பழைய வடிவங்களுக்கு. இன்று பொருத்தும் வடிவங்களுக்கு முப்பது ஆண்டு இன்னும் ஆகவே இல்லை.

வெண்பா

தரவுகளுக்கு நடுவே ஒரு காலின் கதையும் இருக்கட்டும். உண்மையில் இரண்டு கால்கள்.

எனக்கு வலது முழங்கால் சிமென்ட் இல்லாதது, ஐம்பது வயதைக் கடந்த புதிதில் வைத்தது. சில வருடம் கழித்து இடது. அதுவும் சிமென்ட் இல்லாததாகத்தான் திட்டம். அறுவை அரங்கில் கீழ்க்கால் எலும்பை வெட்டிப் பார்த்தபோது மென்மையாக இருந்ததால் சிமென்டுக்கு மாற்றிவிட்டார் மருத்துவர். ஒரே மருத்துவர், ஒரே நிறுவனத்தின் மூட்டு. ஒரே உடம்பில் இரண்டு வகை.

வலதில் முதல் சில மாதங்கள் ஒரு வினோத வலி இருந்தது. முழங்காலில் இல்லை, அதற்குக் கீழே, எலும்பின் உள்ளே. நாற்காலியிலிருந்து எழுந்ததும் முதல் மூன்று, நான்கு அடிகளில் சுருக்கென்று பிடிக்கும், பிறகு விட்டுவிடும். மாலையில் படியிறங்கும்போது மறுபடி. எலும்பு இன்னும் தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். அரை வருடத்துக்குள் அது தானாகவே மறைந்துவிட்டது. இடதில் அந்த "முதல் அடி வலி" வரவே இல்லை. ஆனால் இடது வீக்கம் வடிய வலதைவிட அதிக நாள் எடுத்தது.

இப்போது? கண்ணைக் கட்டிவிட்டு எது எது என்று கேட்டால் சொல்ல மாட்டேன். இரண்டிலும் காலை வீசி நடக்கும்போது மெல்லிய "டக்" சத்தம். இரண்டிலும் தழும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு உள்ளங்கை அகலம் மரத்த தோல், ஈ உட்கார்ந்தாலும் தெரியாது. இரண்டிலும் மண்டியிடப் பிடிக்காது. வலது, இடது வேற்றுமை எக்ஸ்ரேயில் மட்டும்தான் இருக்கிறது.

பாதசாரி

வெண்பா அவர்களே, அறுவையின் நடுவில் மாற்றியது உங்களுக்கு முன்பே தெரியுமா? மயக்கத்தில் இருக்கும்போது முடிவு மாறுவது எனக்கு உறுத்துகிறது.

வெண்பா

தெரியும். ஒப்புதல் படிவத்தில் இரண்டும் எழுதியிருந்தது. "திறந்து பார்க்கும்வரை எனக்கே உறுதியாகத் தெரியாது" என்று முன்கூட்டியே சொன்னார். எனக்கு அது பயத்தைக் குறைத்தது என்றுதான் சொல்வேன்.

உளியும் சுத்தியும்

வெண்பாவின் மருத்துவர் செய்ததைத்தான் நானும் செய்வேன். எலும்பு அடர்த்திச் சோதனை ஒரு மதிப்பீடு தரும், ஆனால் அது இடுப்பையும் முதுகெலும்பையும் அளக்கிறது. வெட்டிய கீழ்க்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பதற்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை. விரல் பள்ளம் விழுந்தால் சிமென்ட். பள்ளம் விழாமல் எதிர்த்து நின்றால் அடுத்த சோதனை. மாதிரித் தட்டை வைத்து நான்கு மூலைகளிலும் மாறி மாறி அழுத்துவேன். ஒரு மூலையை அழுத்தும்போது எதிர்மூலை துளி எழும்பினாலும் வெட்டு சமமாக இல்லை என்று பொருள். சிமென்ட் வைத்தால் அந்தச் சிறு மேடுபள்ளத்தைச் சிமென்டே நிரப்பி மன்னித்துவிடும். சிமென்ட் இல்லாதபோது மன்னிக்க ஆள் கிடையாது. ரம்பத்தின் சூட்டில் எலும்பு கருகாமல் நீர் விட்டுக்கொண்டே வெட்ட வேண்டும், கருகிய எலும்பு வளராது.

அதனால்தான் "எத்தனை செய்திருக்கிறீர்கள்" என்ற கேள்வி சிமென்ட் இல்லாத வகையில் இன்னும் கனமானது.

பாதசாரிக்கு ஒரு கேள்வி. தேய்மானம் உள்பக்கம் மட்டும்தானா? சில்லின் பின்புறமும் வெளிப்பக்கமும் நன்றாக இருந்து, உள்ளே இருக்கும் முன் சிலுவைத் தசைநாரும் உறுதியாக இருந்தால், முழு மூட்டுக்குப் பதில், தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்று பற்றி யாராவது பேசினார்களா?

பாதசாரி

ஒருவர் பேசினார். வலதில் சில்லுக்குப் பின்னாலும் தேய்ந்திருக்கிறது, எனவே வாய்ப்பில்லை. இடதில் யோசிக்கலாம் என்றார். அதிலும் சிமென்ட் இல்லாதது உண்டா?

உளியும் சுத்தியும்

உண்டு. இந்தப் பாதி மூட்டில்தான் சிமென்ட் இல்லாததற்குச் சாதகமான தரவு தெளிவாக இருக்கிறது. சிமென்ட் வைத்த பாதி மூட்டின் தட்டுக்கடியில் எக்ஸ்ரேயில் மெல்லிய கறுப்புக் கோடு அடிக்கடி தெரியும். பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் அதைப் பார்த்துப் பயந்து தேவையில்லாத மறு அறுவைகள் நடந்திருக்கின்றன. சிமென்ட் இல்லாததில் அந்தக் கோடு அரிது. இங்கிலாந்துப் பதிவேட்டில் ஒத்த நோயாளிகளை ஒப்பிட்டபோது மறு அறுவையும் குறைவாகவே இருந்தது. விலையாகக் கொடுப்பது, தொடக்க வாரங்களில் கீழ்க்கால் எலும்பு முறியும் சிறு ஆபத்து. சிறிய எலும்பும் மென்மையான எலும்பும் உள்ளவர்களுக்கு அது கூடுதல்.

நிழற்படம்

கதிர்ப்படத் துறையில் இருக்கிறேன். "எது உறுதியாக நிற்கிறது" என்பதை அளக்க ஒரு நுட்பமான வழி இருக்கிறது. ஆய்வுகளில் எலும்புக்குள்ளும் மூட்டின் பாலிஎத்திலீனிலும் மிகச் சிறிய டான்டலம் மணிகளை வைத்து, இரண்டு கோணத்தில் ஒரே நேரத்தில் படமெடுத்து, தட்டு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடுவார்கள். ஸ்வீடனில் இதில் நெடுநாள் வேலை நடந்திருக்கிறது. முதல் வருட முடிவுக்கும் இரண்டாம் வருட முடிவுக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டருக்கு மேல் நகரும் தட்டுகள்தான் பிற்காலத்தில் தளரும் வாய்ப்புள்ளவை என்று 1995இல் அங்கிருந்து வந்த ஆய்வு காட்டியது.

அதில் தெரியும் படம் சுவையானது. சிமென்ட் இல்லாத தட்டு முதல் மூன்று மாதங்களில் சிமென்ட் தட்டைவிட அதிகம் நகர்கிறது, சற்றே அமிழ்கிறது. பிறகு நின்றுவிடுகிறது. சிமென்ட் தட்டு தொடக்கத்தில் அசைவதில்லை, ஆனால் சிலவற்றில் மெதுவான நகர்வு வருடக்கணக்கில் தொடர்கிறது. 2012இல் வந்த, பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னது: இரண்டு வருடம் வரை சிமென்ட் குறைவாக நகர்கிறது, ஆனால் நகரும் போக்கை வைத்துப் பார்த்தால் எதிர்காலத்தில் தளரும் ஆபத்து சிமென்ட் இல்லாததில் குறைவு. அதில் சேர்ந்த நோயாளிகள் முந்நூறுக்கும் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெண்பாவின் முதல் அடி வலியும் அந்த மூன்று மாத அமிழ்தலும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அறுவைக்குப் பிறகு எடுக்கும் முதல் படத்தைப் பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் எந்தப் படமும் அதோடு ஒப்பிட்டால்தான் பேசும். தட்டுக்கடியில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறதா என்பது பெரிதில்லை, போன வருடத்தைவிட அது தடித்திருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

தராசு

சரி, நேரடி ஒப்பீடுகளுக்கு வருகிறேன். கொரியாவில் 55 வயதுக்குட்பட்ட எண்பது பேருக்கு ஒரு காலில் சிமென்ட், மறு காலில் சிமென்ட் இல்லாதது வைத்து, சராசரியாகப் பதினாறு வருடங்களுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். 2014இல் வெளியானது. வெண்பா சொன்னதை எண்பது பேர் சொன்னது போல வைத்துக்கொள்ளுங்கள். வலி, மடங்கல், ஆயுள் எதிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டுமே மிக நன்றாக நின்றன.

2019இல் அமெரிக்காவில் இன்றைய வடிவ மூட்டு ஒன்றைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்டார்கள். இரண்டு வருட முடிவில் மதிப்பெண்கள் சமம். சிமென்ட் இறுகக் காத்திருக்க வேண்டாததால் அறுவை நேரம் பத்து நிமிடம் போலக் குறைந்தது. அந்தப் பத்து நிமிடத்தின் பயனாளி மருத்துவமனையா நோயாளியா என்பது தனி விவாதம்.

ஆகவே பாதசாரியின் முதல் கேள்விக்கு, வலி எதில் குறைவு என்பதற்கு, என் பதில்: எதிலும் இல்லை. மூட்டு மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள். அந்த ஐந்தில் ஒருவரைச் சிமென்ட் உருவாக்கவில்லை, சிமென்டை எடுத்துவிட்டால் அவர் மறையப்போவதும் இல்லை.

திருகாணி

இதில் முழு உடன்பாடு. ஆனால் ஆயுள் கேள்விக்கு வயதைச் சேர்த்துப் பேசுங்கள். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து, முழு முழங்கால் மாற்றுகளில் ஏறத்தாழ 82 சதவீதம் 25 ஆண்டுகள் நிற்கும் என்றது. பாதி மூட்டில் 70 சதவீதம். கேட்க அழகாக இருக்கிறது. அதே இதழில் 2017இல் வந்த இன்னொன்றையும் படியுங்கள். எழுபதைக் கடந்து மாற்றிக்கொண்டவர்களுக்கு வாழ்நாளில் மறு அறுவை வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை.

பழைய கால் அம்மாவின் அறிவுரை பழைய கால் அம்மாவுக்குச் சரி. 56 வயது ஆணின் பந்தயமே வேறு. அமெரிக்கப் பதிவேட்டில் 65 வயதுக்குட்பட்ட ஆண்களிடம் சிமென்ட் இல்லாதவை குறைவாக மறு அறுவைக்கு வந்திருக்கின்றன. அங்கே 2012 வாக்கில் நூற்றில் இரண்டு போல இருந்த இந்த வகை, பத்து வருடத்தில் ஐந்தில் ஒன்றாகிவிட்டது.

தராசு

நல்ல எலும்பு உள்ளவரைப் பொறுக்கியெடுத்துச் சிமென்ட் இல்லாததை வைத்தால், அது நன்றாக நிற்பதில் என்ன வியப்பு? பதிவேட்டில் மருத்துவரின் கட்டைவிரல் பதிவாகாது. மென்மையான எலும்பு தெரிந்ததும் சிமென்டுக்கு மாறிய வெண்பாவின் இடது கால், கணக்கில் சிமென்ட் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறது.

திருகாணி

அதனால்தான் "வந்திருக்கின்றன" என்று எழுதினேன், "அதனால் வந்தன" என்று எழுதவில்லை.

எடைக்கல்

எனக்கு உடல் எடை மிக அதிகம். உடல் நிறை எண் நாற்பதைத் தாண்டுகிறது. எனக்கு எது?

உளியும் சுத்தியும்

எடைக்கல், உங்களைப் போன்றவர்களிடம் சிமென்ட் தட்டு தளர்வது கூடுதல் என்பது பல மருத்துவமனைகளின் பின்னோக்கிய ஆய்வுகளில் தெரிகிறது. பெரும்பாலும் சிமென்ட் எலும்பை விடுவதில்லை, உலோகத் தட்டிலிருந்துதான் பிரிகிறது. தட்டை வைக்கும்போது மஜ்ஜைக் கொழுப்பு அதன் அடியில் படிந்தாலே பிடிப்பு குறையும். அதனால் எடை அதிகமுள்ள, எலும்பு உறுதியான, வயது குறைந்தவர்களுக்குச் சிமென்ட் இல்லாததை நான் விரும்புவேன். ஆனால் கிருமித் தொற்றும் காயம் ஆறாமையும் எடையோடு ஏறுகின்றன, அங்கே இரண்டு வகைக்கும் வேறுபாடில்லை. மறு அறுவைக்கு முதன்மைக் காரணங்களில் தொற்றும் ஒன்று. எனவே உங்கள் முதல் வேலை எடை, சர்க்கரை. மூட்டின் வகை அதற்கு வெகு பின்னால்.

நெறியாளர்

ஒரு மருத்துவமனையின் விளம்பரத்தை அனுபவப் பதிவு போல எழுதியிருந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. தொடருங்கள்.

தாழ்வாரம்

அம்மாவுக்கு வயது 71. முடக்குவாதம், பல வருடமாக ஸ்டீராய்டு மாத்திரை. ரோபோ உதவியுடன் சிமென்ட் இல்லாத மூட்டு வைக்கலாம், "எல்லாமே நவீனம்" என்று ஒரு இடத்தில் சொல்கிறார்கள். எனக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

உளியும் சுத்தியும்

ரோபோ என்பது எலும்பை எப்படி வெட்டுகிறோம் என்பது. சிமென்ட் என்பது வெட்டிய பிறகு எப்படிப் பொருத்துகிறோம் என்பது. ஒன்றைக் காட்டி மற்றதை விற்க முடியாது. உங்கள் அம்மாவின் எலும்பு, முடக்குவாதத்தாலும் ஸ்டீராய்டாலும் மெலிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். துளைக்குள் எலும்பு வளர வேண்டும் என்று காத்திருக்கும் முறை அவருக்கு எதற்கு? அவருடைய வயதில் வாழ்நாள் மறு அறுவை வாய்ப்பு திருகாணி சொன்ன 5 சதவீதம் போலத்தான். படம் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்று தொடக்கத்தில் எழுதியவன்தான், இருந்தாலும் இதில் தயங்க மாட்டேன். சிமென்ட். "எலும்பு அடர்த்தி எவ்வளவு, அரங்கில் மென்மையாக இருந்தால் சிமென்ட் வைப்பீர்களா" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

தாழ்வாரம்

நன்றி ஐயா. அடர்த்திச் சோதனை செய்யவே இல்லை. கேட்கிறேன்.

பாதசாரி

தொற்று வந்தால்? சிமென்டில் ஆன்டிபயாடிக் கலக்கலாமாமே. அந்தப் பாதுகாப்பு எனக்கு இல்லாமல் போகுமா? மேலும், எலும்பு பிடித்துக்கொண்ட மூட்டைப் பின்னால் கழற்ற முடியுமா?

உளியும் சுத்தியும்

கலக்கலாம், ஜென்டாமைசின் கலந்தது வழக்கத்தில் உண்டு. சிமென்ட் இல்லாதவருக்கு அது கிடையாது. ஆனால் தொற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு அறுவைக்கு முன் ரத்தக்குழாயில் ஏற்றும் ஆன்டிபயாடிக்கும் அரங்கின் சுத்தமும்தான். சிமென்ட் இல்லாததால் மட்டும் தொற்று கூடுகிறது என்று நல்ல ஆய்வுகளில் உறுதியாகவில்லை.

கழற்றுவது பற்றி: நன்றாகப் பிடித்த தட்டைக் கழற்றுவது எளிதல்ல. மெல்லிய ரம்பத் தகட்டைத் தட்டுக்கடியில் செலுத்தி, நடுத்தண்டையும் முளைகளையும் சுற்றி எலும்பை மெதுவாக விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டால் எலும்பும் கூடவே வரும். சிமென்டிலும் சுகமில்லை, உள்ளே மிஞ்சிய ஒவ்வொரு துண்டையும் சுரண்டி எடுக்க வேண்டும். எனக்கு இரண்டுமே பிடிக்காத வேலை.

பழைய கால்

எல்லாம் படித்தேன், பாதி புரிந்தது. ஒன்றை யாரும் எழுதவில்லையே. எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவருக்கும் என்னுடைய அதே மூட்டுதான். வலிக்கிறது என்று மடக்கவே மாட்டார். அந்தக் கால் இன்றும் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்காது. முதல் ஆறு வாரம் அழுதுகொண்டே மடக்குங்கள் தம்பி, சிமென்டோ சிமென்ட் இல்லாததோ.

வெண்பா

அம்மா சொல்வதற்கு என் இரண்டு கால்களும் சாட்சி.

பாதசாரி

எல்லாருக்கும் நன்றி. எலும்பு அடர்த்திச் சோதனை எடுத்துவிட்டேன், நன்றாக இருக்கிறது. இரண்டு மருத்துவர்களிடமும் மறுபடி போய், "சிமென்ட் இல்லாதது என்று திட்டமிட்டு, அரங்கில் சிமென்டுக்கு மாறியிருக்கிறீர்களா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டேன்.

சிமென்ட்காரர், "அந்த வகையை நான் ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் செய்கிறேன், அதனால் உங்களுக்கு அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை" என்றார். நேர்மையான பதில். முதலில் "மோகம்" என்று சொன்னதற்குப் பதில் இதையே சொல்லியிருக்கலாம். மற்றவர், "மாறியிருக்கிறேன், எலும்பு பிடிக்காவிட்டால் மாறத்தான் வேண்டும்" என்று சொல்லி, மென்மையான எலும்பு எப்படி இருக்கும் என்று கட்டைவிரலால் மேசையை அழுத்திக் காட்டினார். உளியும் சுத்தியும் எழுதியது அப்படியே கண்முன் வந்தது.

வலது காலை அவரிடம் செய்துகொள்கிறேன், முழு மூட்டு, சிமென்ட் இல்லாதது, தேவைப்பட்டால் மாற்ற ஒப்புதலோடு. இடது காலை அதன் பிறகு யோசிக்கிறேன். புகைபிடிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

உளியும் சுத்தியும்

புகையை இப்போதே நிறுத்துங்கள், அறுவைக்கு முந்தைய நாள் அல்ல. எலும்பு வளரும் அந்த முதல் மூன்று மாதம் வரை தொடவே கூடாது. எடை ஊன்றி நடப்பது பெரும்பாலும் அன்றோ மறுநாளோ தொடங்கிவிடும், சிமென்ட் இல்லை என்பதற்காகப் படுக்கையில் கிடக்க வேண்டாம். குதிப்பது, பாரம் தூக்கிப் படியேறுவது போன்ற வீரங்களைத் தள்ளிப்போடுங்கள்.

நிழற்படம்

மருத்துவமனையை விட்டு வரும்போது இன்னொன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பொருத்திய ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் நிறுவனம், மாதிரி, அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அதை அறுவைக் குறிப்பில் ஒட்டுவார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்கி முதல் எக்ஸ்ரேயோடு சேர்த்து வையுங்கள். பின்னால் பாலிஎத்திலீனை மட்டும் மாற்ற வேண்டி வந்தால்கூட, எந்த மாதிரி, எந்த அளவு என்று தெரியாமல் மருத்துவர் திண்டாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.